தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரை ஆள்வது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்களில் எனக்குத் தெரிந்த பலர், நகரத்து வாடகை தாங்காமல் கொஞ்ச நாளில் வெளியே குடிபோய்விடுகிறார்கள். காம்போர்ன், சாஸ்டன், ஹிஸ்டன், நார்த்ஸ்டோ என்று ஆளுக்கொரு ஊர். சாமான்களை இறக்கிவைத்த அன்றே அவர்களுடைய கவுன்சிலும், அதாவது உள்ளாட்சி மன்றமும், மாறிவிடுகிறது. அது தெரியவருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் நாலைந்து மனுக்கள் தவறான வாசலைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கும். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் முகவரியில் கேம்பிரிட்ஜ் என்றுதானே இருக்கிறது? நான் எப்படி வேறு கவுன்சிலின் கீழ் வருகிறேன்?

முகவரியில் உள்ள ஊர்ப்பெயர் தபால்காரருக்கானது. தபால் பிரிக்கும் நகரம் கேம்பிரிட்ஜ் என்பதால் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்கிறது. ஆட்சி எல்லைக்கும் தபால் எல்லைக்கும் தொடர்பில்லை.

தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரின் வரைபடம் ஓர் உளுந்துவடையைப் போல இருக்கும். நடுவில் உள்ள துளைதான் கேம்பிரிட்ஜ் நகரம். நகரத்துக்குத் தனிக் கவுன்சில் உண்டு. அது சுமார் 40 சதுர கிலோமீட்டரை ஆள்கிறது. அதை நாற்புறமும் வளைத்திருக்கும் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் டிஸ்ட்ரிக்ட் சுமார் 900 சதுர கிலோமீட்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய 1,62,000 பேர், நகரத்தைவிட அதிகம். பெயரில் 'தெற்கு' என்று இருந்தாலும், நகரத்துக்கு வடக்கே உள்ள வாட்டர்பீச்சும் காட்டன்ஹாமும் இதில்தான் அடங்கும்.

நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுநாயகமான ஒரு பெரிய ஊர் கிடையாது. கவுன்சிலின் தலைமையகமே 2004 வரை தன் எல்லைக்கு வெளியே, கேம்பிரிட்ஜின் ஹில்ஸ் ரோட்டில்தான் இருந்தது. அதன் பிறகே காம்போர்னுக்கு வந்தது.

உங்கள் வீடு எதில் சேரும் என்று ஐயமிருந்தால் கவுன்சில் வரிச் சீட்டின் தலைப்பைப் பாருங்கள். அதில் இருக்கும் பெயர்தான் உங்கள் கவுன்சில்.

டிஸ்ட்ரிக்ட் என்றால் மாவட்டம்தானே? இங்கே கலெக்டர் யார்?

யாருமில்லை. 'மாவட்டம்' என்றதும் நம் மனத்தில் எழும் படத்தை முதலில் கலைத்துவிட வேண்டும். இங்கே வருவாய், சட்டம் ஒழுங்கு, நலத்திட்டம் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருக்கும் அதிகாரி எவரும் இல்லை. டிஸ்ட்ரிக்ட் என்பது வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் நடத்தும் ஓர் உள்ளாட்சி மன்றம். தலைமை நிர்வாகி ஒருவர் இருக்கிறார். அவரை நியமிப்பது அந்தக் கவுன்சில்தான், லண்டன் அல்ல. அதனால் இந்தக் கட்டுரையில் 'மாவட்டம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'டிஸ்ட்ரிக்ட்' என்றே எழுதுகிறேன்.

அப்படியானால் எத்தனை அடுக்குகள்?

உங்கள் வாசலுக்கு மிக அருகில் இருப்பது ஊர் மன்றமான பாரிஷ் கவுன்சில். சில இடங்களில் இதற்கு டவுன் கவுன்சில் என்று பெயர். நார்த்ஸ்டோவுக்கும் காம்போர்னுக்கும் அப்படித்தான். அடுத்தது தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். அதற்கு அடுத்தது கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டி கவுன்சில். தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர், கேம்பிரிட்ஜ் நகரம், கிழக்கு கேம்பிரிட்ஜ்ஷயர், ஹன்டிங்டன்ஷயர், ஃபென்லாந்து ஆகிய ஐந்து டிஸ்ட்ரிக்டுகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. இவற்றோடு பீட்டர்பரோவையும் சேர்த்துக்கொண்டு 2017-இல் உருவானது கேம்பிரிட்ஜ்ஷயர் பீட்டர்பரோ ஒருங்கிணைந்த ஆணையம். போலீசுக்கும் தீயணைப்புக்கும் தனித்தனி அமைப்புகள்.

அடுக்கு என்று சொல்லும்போதே மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு உத்தரவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. கவுண்டி கவுன்சிலால் டிஸ்ட்ரிக்டை அதட்ட முடியாது. டிஸ்ட்ரிக்டுக்குப் பாரிஷ் கவுன்சில் கீழ்ப்பட்டதல்ல. ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றச் சட்டம் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதனால், 'மேலிடத்தில் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்' என்ற நம் பழக்கம் இங்கே எடுபடாது. சரியான இடத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் குறையை எங்கே சொல்வது?

குப்பை எடுக்கவில்லை என்றால் டிஸ்ட்ரிக்ட். ஆனால் பழைய மெத்தையையும் உடைந்த அலமாரியையும் நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடும் மில்டன், திரிப்லோ மறுசுழற்சி மையங்கள் கவுண்டியுடையவை. இந்தப் பிரிவினை புதிதாக வருபவர்களை மிகவும் குழப்பும்: வாசலில் குப்பையை எடுப்பவர் ஒருவர், எடுத்த குப்பை என்ன ஆக வேண்டும் என்று பார்ப்பவர் வேறொருவர்.

சாலையில் பள்ளம் விழுந்தால் கவுண்டி. அந்தச் சாலை எம்11, ஏ14 போன்ற பெரிய சாலையாக இருந்தால் கவுண்டியும் இல்லை. மத்திய அரசின் நேஷனல் ஹைவேஸ் நிறுவனம். எம்11 போன்ற மோட்டார்வே தவிர மற்றச் சாலைகளின் ஓரத்தைக் கூட்டிப் பெருக்குவது டிஸ்ட்ரிக்ட். பஸ் நிழற்குடை உடைந்திருந்தால் பெரும்பாலும் பாரிஷ். பஸ்ஸே வரவில்லை என்றால் ஒருங்கிணைந்த ஆணையம். பஸ் தடங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து நடத்தும் திட்டத்துக்கு அந்த ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒப்புதல் கொடுத்தது.

குழந்தை பிறந்தால் 42 நாட்களுக்குள் கவுண்டியின் பதிவாளரிடம் பதிய வேண்டும். நூலகம், பள்ளிச் சேர்க்கை, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு எல்லாம் கவுண்டி. வீடில்லாத நிலைமை வந்துவிட்டால் டிஸ்ட்ரிக்ட். உணவக உரிமம், உணவுச் சுத்தம் பற்றிய புகார், பக்கத்து வீட்டு இரவு இரைச்சல் ஆகியவையும் டிஸ்ட்ரிக்ட். மருத்துவமனையும் டாக்டரும் இவர்கள் எவரிடமும் இல்லை. அது தேசிய சுகாதாரச் சேவை.

பாரிஷ் கவுன்சில் என்பது சர்ச் சம்பந்தப்பட்டதா?

பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஒரு காலத்தில் ஊர்ப் பொதுக்காரியங்களையும் ஏழைகளுக்கான உதவியையும் கவனித்தது சர்ச்சின் பாரிஷ் கூட்டம். 1894-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஊர்க்காரியங்களைச் சர்ச்சிடமிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. அன்றிலிருந்து அது முழுக்க முழுக்கப் பொது அமைப்பு. எந்த மதத்தவரும் உறுப்பினராகலாம்.

இந்த ஆட்சி முறையிலேயே நான் மிகவும் மதிப்பது இந்தச் சிறிய மன்றத்தைத்தான். விளையாட்டுத் திடல், இடுகாடு, ஊர்ப் புல்வெளி, சாலையோர பெஞ்சு, காய்கறி பயிரிட்டுக்கொள்ளும் வாடகைத் துண்டு நிலம் என்று கண்ணுக்கு எட்டும் தூரத்திலுள்ள காரியங்கள் இதனுடையவை. பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் செயலர். சிறிய ஊர்களில் அவரும் பகுதிநேர ஊழியர். கவுன்சிலர்கள் சம்பளம் வாங்குவதில்லை. மிகச் சிறிய ஊர்களில் கவுன்சிலே இருக்காது; வாக்காளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் பாரிஷ் கூட்டம் மட்டும் இருக்கும். கவுன்சில் உள்ள ஊரிலும் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில், வாக்காளர் அனைவருக்குமான பாரிஷ் கூட்டம் நடந்தாக வேண்டும்.

கூட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த உரிமையை உறுதிசெய்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது புதிதாக எம்.பி. ஆகியிருந்த மார்கரெட் தாட்சர். கூட்டத்துக்கு மூன்று முழு நாட்கள் முன்பாகவே பொருள்பட்டியலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேசுவதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்கும் வழக்கமும் உண்டு. உள்ளூர் மண்டபத்தில் இருபது நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் பதினைந்து காலியாகவே இருக்கும். அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஐந்து நிமிட நடையில் ஓர் ஆட்சி மன்றம் கூடுகிறது. நாமோ முகநூல் குழுவில் குறை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் இந்தியக் குடிமகன். இங்கே வாக்களிக்க முடியுமா?

முடியும். இதைப் பலர் நம்பவே மறுக்கிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா ஆகியவை காமன்வெல்த் நாடுகள். அந்த நாடுகளின் குடிமக்கள், பிரிட்டனில் தங்க அனுமதி பெற்று இங்கே வசித்தால், 18 வயது நிறைந்ததும் எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பாரிஷ் முதல் நாடாளுமன்றம் வரை. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் வேலை விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். நிரந்தரக் குடியுரிமைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வாக்காளர் பட்டியலை நடத்துவது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பெயரை நீங்கள்தான் பதிய வேண்டும்; இணையத்தில் ஐந்து நிமிட வேலை. 2023 மே மாதத் தேர்தல்களிலிருந்து வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட்டையும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டையோ இலங்கை பாஸ்போர்ட்டையோ எடுத்துக்கொண்டு போகலாம்.

போட்டியிடவும் முடியும், அதற்குக் காலவரையற்ற தங்கல் அனுமதி வேண்டும். பாரிஷ் கவுன்சிலுக்கு ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; ஓராண்டாக மூன்று மைல் சுற்றளவுக்குள் வசித்தால் போதும். இடங்களின் எண்ணிக்கையைவிட வேட்பாளர்கள் குறைவாக இருந்தால் தேர்தலே நடக்காது, மனுப் போட்டவர்கள் உறுப்பினராகிவிடுவார்கள். சிறிய கிராமங்களில் இது சாதாரணம்.

டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலில் யார் யார் இருக்கிறார்கள்?

26 வார்டுகளிலிருந்து 45 கவுன்சிலர்கள். வார்டின் அளவைப் பொறுத்து ஒருவரோ இருவரோ மூவரோ வருவார்கள். 2018 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல். அந்த ஆண்டு லிபரல் டெமாக்ரட் கட்சி 30 இடங்களைப் பிடித்து கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து ஆட்சியைக் கைப்பற்றியது. 2022-இல் 37 இடங்கள். கவுன்சிலர்கள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க, அவர் ஓர் அமைச்சரவை போன்ற குழுவை அமைத்துக்கொள்கிறார். கவுண்டிக்குத் தனித் தேர்தல். அங்கே 61 இடங்கள், 2025 மே மாதத்தில் அதே கட்சி 31 இடங்களுடன் மயிரிழைப் பெரும்பான்மை பெற்றது.

மேயர் என்று ஒருவரைச் சொல்கிறார்களே?

இரண்டு பேரைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. கேம்பிரிட்ஜ் நகரத்தில் கழுத்தில் சங்கிலி அணிந்து விழாக்களுக்கு வருபவர் சம்பிரதாய மேயர், ஆண்டுதோறும் மாறுவார். அதிகாரமுள்ள மேயர் ஒருங்கிணைந்த ஆணையத்தின் தலைவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது அவரைத்தான். 2017-இல் ஜேம்ஸ் பால்மர், 2021-இல் நிக் ஜான்சன், 2025-இல் பால் பிரிஸ்டோ. கன்சர்வேட்டிவ், லேபர், மீண்டும் கன்சர்வேட்டிவ். போக்குவரத்தும் தொழிற்பயிற்சியும் அவர் கையில் இருக்கின்றன. தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயருக்கென்று மேயர் கிடையாது.

நான் கட்டும் கவுன்சில் வரி யாருக்குப் போகிறது?

சீட்டை அனுப்புவது டிஸ்ட்ரிக்ட், பணத்தை வாங்குவதும் டிஸ்ட்ரிக்ட். ஆனால் அதில் பெரும்பகுதி அதன் பெட்டியில் தங்குவதில்லை. கவுண்டிக்குத்தான் சிங்கத்தின் பங்கு. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் நலனும் அங்கே இருப்பதால் அது நியாயமே. பிறகு போலீஸ், தீயணைப்பு, மேயரின் ஆணையம், பாரிஷ் என்று பிரிகிறது. ஆகவே வரி கூடிவிட்டது என்று டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலரிடம் கோபித்துக்கொள்வதற்கு முன்னால், சீட்டில் யாருடைய பங்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

வரியின் அளவை வீட்டின் மதிப்பு தீர்மானிக்கிறது. இன்றைய மதிப்பு அல்ல, 1991 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு. ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள். சென்ற ஆண்டு கட்டிய வீட்டுக்கும், அது 1991-இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை யாரும் திருத்தாமல் விட்டிருப்பது பெரிய அநீதி என்பது என் கருத்து. எச் பிரிவுக்காரர் கட்டுவது ஏ பிரிவுக்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்குதான். வீட்டு விலைகளின் வித்தியாசமோ அதைவிடப் பன்மடங்கு.

வயது வந்தவர் ஒருவரே குடியிருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. இரண்டுக்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். புது வீட்டுக்குப் போனவர்கள், பிரிவு தவறு என்று தோன்றினால் ஆறு மாதத்துக்குள் முறையிடலாம்.

சுற்றிலும் இத்தனை வீடுகளை யார் அனுமதிக்கிறார்கள்?

டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். அதன் மிகப் பெரிய அதிகாரம் இதுதான். கேம்பிரிட்ஜ் நகரமும் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரும் ஒரே திட்டத்துறையைப் பகிர்ந்துகொள்கின்றன. 2018-இல் இரு கவுன்சில்களும் ஏற்ற திட்டங்கள், 2011 முதல் 2031 வரை மொத்தம் 33,500 வீடுகளுக்கு இடம் ஒதுக்கின; அதில் 19,500 தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயருக்கு. நகரத்தைச் சுற்றிக் கட்டடம் எழும்பாத பசுமை வளையம் இருப்பதால், புதிய வீடுகள் அதைத் தாண்டிப் போய் விழுகின்றன. காம்போர்ன் அப்படித்தான் 1990-களின் இறுதியில் எழுந்தது. ஓக்கிங்டன் விமானப்படைத் தளம் இருந்த இடத்தில் 10,000 வீடுகளை இலக்காகக் கொண்டு நார்த்ஸ்டோ வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெயர் புதிதல்ல. அந்தப் பக்கத்துப் பழைய வட்டாரப் பிரிவின் பெயரை எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் கட்டட விண்ணப்பத்தை எதிர்க்க விரும்பினால், வழக்கமாக 21 நாள் அவகாசம் உண்டு. வெளிச்சம் மறைகிறது, அந்தரங்கம் கெடுகிறது, கார் நெரிசல் கூடும் என்று எழுதுங்கள்; எடுத்துக்கொள்வார்கள். என் ஜன்னல் காட்சி போய்விடும், வீட்டு விலை இறங்கும் என்றால் சட்டப்படி அது கணக்கில் வராது. பாரிஷ் கவுன்சிலையும் கலந்தாலோசிப்பார்கள், ஆனால் அதன் சொல் ஆலோசனை மட்டுமே.

டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் ஊழியர்களுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்பது உண்மையா?

உண்மை. 2023 ஜனவரியில் அலுவலக ஊழியர்களிடம் சோதனையாகத் தொடங்கினார்கள்; பிறகு குப்பை எடுப்பவர்களையும் சேர்த்தார்கள். முழுச் சம்பளம், எண்பது சதவீத நேரம், வேலை மட்டும் குறையக் கூடாது. கேம்பிரிட்ஜின் தொழில்நுட்ப நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தோடு போட்டியிட்டு ஆள் பிடிக்க முடியவில்லை என்பது கவுன்சில் சொன்ன காரணம். அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் முறைப்படி எச்சரிக்கை அறிவிப்பும் அனுப்பியது. கவுன்சில் பின்வாங்கவில்லை. 2025 ஜூலையில் அதை நிரந்தரமாக்கியது. அலுவலகம் ஐந்து நாளும் திறந்திருக்கும், ஊழியர்கள்தான் முறைவைத்து விடுப்பு எடுக்கிறார்கள். தன் ஊழியர்களை எப்படி நடத்துவது என்பதை உள்ளாட்சியே முடிவுசெய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்குள்ள சில பள்ளிக்கூடங்களுக்கு ஏன் 'வில்லேஜ் காலேஜ்' என்று பெயர்?

ஹென்றி மாரிஸ் என்ற மனிதரால். 1922-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டியின் கல்வித் தலைமை அதிகாரியானவர் அவர். அப்போது இது ஏழைக் கவுண்டி. இளைஞர்கள் கிராமத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பல கிராமங்களுக்கு நடுவே ஒரே கட்டடம். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, கூடவே நூலகமும் மண்டபமும் என்று அவர் ஒரு திட்டம் தீட்டினார். முதலாவது 1930-இல் சாஸ்டனில் திறந்தது. 1939-இல் திறந்த இம்பிங்டன் பள்ளியை, ஜெர்மனியிலிருந்து வெளியேறியிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியின் நிறுவனர் வால்டர் குரோப்பியஸ், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மேக்ஸ்வெல் ஃப்ரையுடன் சேர்ந்து வடிவமைத்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு உலகத்தரமான கட்டடம் வேண்டும் என்று ஓர் உள்ளாட்சி அதிகாரி பிடிவாதமாக நின்றதால் எழுந்த கட்டடம் அது. அந்த வழியாகப் போனால் நின்று பாருங்கள்.

இன்று இவற்றில் பெரும்பாலானவை அகாடமிகள். பணம் நேராக மத்திய அரசிடமிருந்து வருகிறது. ஆனாலும் சேர்க்கை விண்ணப்பம் கவுண்டி வழியாகத்தான். இடைநிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15 கடைசி நாள்.

இந்த அமைப்பு எப்போது வந்தது? மாறப்போகிறது என்கிறார்களே?

1974 ஏப்ரல் 1 அன்று, செஸ்டர்டன், தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் என்ற இரண்டு ஊரக டிஸ்ட்ரிக்டுகளை இணைத்து இன்றைய டிஸ்ட்ரிக்டை உருவாக்கினார்கள். பீட்டர்பரோ 1998-இல் கவுண்டியிலிருந்து பிரிந்து தனி ஒற்றை அடுக்கு மன்றமானது.

2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இரண்டு அடுக்கு முறையை இங்கிலாந்து முழுவதிலும் முடிவுக்குக் கொண்டுவர விரும்புகிறது. கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் கலைந்து, இரண்டின் வேலைகளையும் பார்க்கும் ஒரே மன்றம் வரும். கேம்பிரிட்ஜையும் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயரையும் சேர்த்துவைப்பது பரவலாகப் பேசப்படும் யோசனை. வடையும் துளையும் ஒன்றாகிவிடும். புதிய மன்றங்கள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது அரசின் கால அட்டவணை. குழப்பம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரை மில்லியன் பேருக்கு ஒரு மன்றம் என்ற கணக்கில் போனால், தன் ஊரின் சாக்கடையை நேரில் பார்த்திருக்கும் கவுன்சிலர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பாரிஷ் கவுன்சில்களைக் கலைக்கும் எண்ணம் அந்த அறிக்கையில் இல்லை. உங்கள் ஊர்க் கூட்டம் எப்போது என்பது அறிவிப்புப் பலகையில் இருக்கும். பெரும்பாலும் மண்டப வாசலிலோ கடை வாசலிலோ அதை மாட்டியிருப்பார்கள்.